கொண்டைக்கடலை விதைத்த வயலுக்குக் கோதுமை மானியம்: அமெரிக்கப் பயிர் மானியம், தொடக்க நிலை வாசகருக்கு

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி விட்மன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவு. விட்மனின் பரப்பு ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டர். ஆனால் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 48,000 பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் புல்மன் என்னும் பல்கலைக்கழக நகரத்தில் குடியிருக்கிறார்கள். எஞ்சிய பரப்பெல்லாம் பலூஸ் என்று பெயர் பெற்ற, காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண்ணாலான, அலையலையாய் எழுந்து தாழும் குன்றுகள். நாட்டிலேயே மிகுதியாகக் கோதுமை விளையும் கவுண்டிகளின் வரிசையில் விட்மன் நெடுங்காலமாக முன்னணியில் இருந்துவருகிறது. கோதுமையோடு பார்லி, கொண்டைக்கடலை, பட்டாணி, நம் மைசூர்ப் பருப்பின் இனமான லென்டில் ஆகியவையும் மாறி மாறிப் பயிராகின்றன.

இந்தக் கவுண்டியின் உழவர் ஒருவர் 2019-ஆம் ஆண்டு தம் வயலில் கொண்டைக்கடலை விதைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு கோதுமை விலை சரிந்தது. 2020 அக்டோபரில் அரசு அவருடைய வங்கிக் கணக்கில் ஒரு தொகையைச் செலுத்துகிறது. கொண்டைக்கடலைக்காக அல்ல, கோதுமையின் விலை சரிந்ததற்காக. அவர் அந்த வயலில் ஒரு பிடி கோதுமைகூட விதைக்கவில்லை என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். விதைத்ததை அவரே அலுவலகத்துக்குச் சென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆயினும் பணம் வருகிறது. இதில் எழுத்தர் பிழையும் இல்லை, முறைகேடும் இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் அமெரிக்கப் பயிர் மானியத்தின் பாதி புரிந்துவிடும்.

மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உர விலைத் தள்ளுபடி, இலவச மின்சாரம், கொள்முதல் நிலையம் ஆகியவையே நினைவுக்கு வரும். அந்தப் படத்தை இங்கே சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். அமெரிக்க உழவர் டீசலையும் உரத்தையும் சந்தை விலைக்கு வாங்குகிறார். தானியத்தைச் சந்தை விலைக்கே வணிகருக்கு விற்கிறார். விளைச்சலை ஈடாக வைத்து அரசிடம் குறுகிய காலக் கடன் பெறும் வழி ஒன்று உண்டு என்றாலும், பொதுவாக அரசு தானியத்தைக் கையால் தொடுவதில்லை. விற்பனை எல்லாம் முடிந்து, ஆண்டுக் கணக்குப் பார்த்தபின், ஒரு வாய்பாட்டின்படி தொகையைக் கணக்கிட்டு அனுப்புகிறது. அந்த வாய்பாட்டில் உள்ள உறுப்புகளில் பெரும்பாலானவை உழவரின் வயலில் இவ்வாண்டு நடந்தவற்றோடு தொடர்பில்லாதவை.

அவற்றுள் முதன்மையானது ‘அடிப்படை ஏக்கர்’. வேளாண் துறையின் கீழ் இயங்கும் பண்ணைச் சேவை முகமைக்கு நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேராக, இந்தப் பண்ணைக்குக் கோதுமையில் இத்தனை அடிப்படை ஏக்கர், பார்லியில் இத்தனை என்று எழுதப்பட்டிருக்கும். அந்த எண்கள் இந்த ஆண்டின் விதைப்பைக் குறிப்பன அல்ல. சட்டம் குறிப்பிட்ட ஏதோ சில பழைய ஆண்டுகளில் அந்த நிலத்தில் என்ன விதைக்கப்பட்டது என்பதன் சராசரி அவை. வயலில் நிற்கும் பயிரைப் பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலை நாம் அறிவோம். அடிப்படை ஏக்கர் என்பது, ஒரு காலத்து அடங்கலை நகலெடுத்து நிலப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டதைப் போன்றது. நிலம் கைமாறினால் அதுவும் நிலத்தோடு கைமாறும். விற்பவர் ‘இந்த நிலத்துக்குக் கோதுமை அடிப்படை உண்டு’ என்று சொல்லி விலை பேசுவார்.

இப்படி ஒரு விசித்திரமான பதிவேடு ஏன் தோன்றியது என்பதற்கு வரலாற்றில் சற்று நின்று பார்க்க வேண்டும். பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலைகள் தரைமட்டமாகிக் கிடந்தபோது, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு 1933 மே மாதத்தில் வேளாண் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சல் மிகுதியால்தான் விலை வீழ்கிறது, ஆகவே விதைப்பைக் குறைப்பவருக்குப் பணம் தருவோம் என்பது அதன் எண்ணம். குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால், முன்பு எவ்வளவு விதைத்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கவுண்டியிலும் உழவர்களே தேர்ந்தெடுத்த குழுக்கள் அமைந்து, ஒவ்வொரு பண்ணையின் விதைப்பு வரலாற்றையும் எழுதிவைத்தன. 1936-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1938-இல் வேறு வடிவில் அது மீண்டு வந்தது.

அந்தப் பதிவேட்டுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் ராஸ்கோ ஃபில்பர்ன் என்பவரின் வழக்கே சான்று. 1941-ஆம் ஆண்டு அறுவடைக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட கோதுமைப் பரப்பு 11.1 ஏக்கர். அவர் விதைத்ததோ 23 ஏக்கர். புஷல் என்பது தானிய அளவு; ஒரு புஷல் கோதுமை 27 கிலோவுக்குச் சற்று மேல். மிகுதிப் பரப்பில் விளைந்த 239 புஷலுக்கு, புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117.11 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மிகுதிக் கோதுமை தம் பண்ணையின் தேவைக்கு என்று அவர் வாதிட்டும், 1942-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. தன் கொல்லையில் தான் உண்ண விளைவித்ததற்கும் தண்டமா என்று நமக்குத் தோன்றலாம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தக் கேள்வியோடுதான் இந்த வழக்கு நடத்தப்படுகிறது.

பின்னர் கட்டுப்பாடு மெல்ல மெல்லத் தளர்ந்தது, பதிவேடு மட்டும் தங்கிவிட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் இலக்கு விலையை நிர்ணயித்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வேறுபாட்டை அரசு தரும் என்றது. ஆனால் பணம் பெறுவதற்கு அந்தப் பயிரையே மீண்டும் மீண்டும் விதைத்து வரலாற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உழவர்கள் சந்தையைப் பார்க்காமல் அரசுப் பதிவேட்டைப் பார்த்து விதைத்தார்கள். இதை உடைக்கவே 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ‘இனி நீங்கள் எதை வேண்டுமானாலும் விதையுங்கள், பழைய வரலாற்றின்படி உங்களுக்குரிய தொகை வந்துவிடும்’ என்பது அதன் சாரம். காய்கறி, பழங்களுக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் இருந்தன. மானியத்தையும் விதைப்பையும் பிரித்துவிடுவது சந்தையைக் குலைக்காது என்பது பொருளியலாரின் கருத்து. உலக வர்த்தக அமைப்பின் விதிகளும் அத்தகைய மானியத்தையே குறைந்த தீங்குள்ளதாகக் கருதுகின்றன. என் கணிப்பில், அந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, கொண்டைக்கடலை விதைத்தவருக்குக் கோதுமைப் பணம் போவதை யாருக்கும் எளிதாக விளக்க முடியாமல் போனதுதான்.

இனி வாய்பாட்டுக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டுச் சட்டம், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுதோறும் தரப்பட்டுவந்த நேரடித் தொகையை நிறுத்திவிட்டு, இரண்டு திட்டங்களை முன்வைத்தது. ஒன்று விலை இழப்புக் காப்பு; உழவர்கள் அதன் முதலெழுத்துகளைக் கொண்டு பி.எல்.சி. என்கிறார்கள். மற்றொன்று வேளாண் வருவாய்க் காப்பு, பேச்சில் ‘ஆர்க்’. ஒவ்வொரு பயிரின் அடிப்படை ஏக்கருக்கும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பி.எல்.சி. கணக்கு எளிது. சந்தை விலை, சட்டம் விதித்த குறிப்பு விலைக்குக் கீழே போனால் அந்த வேறுபாடு தரப்படும். கோதுமைக்கான குறிப்பு விலை, இத்திட்டங்களைத் தொடர்ந்த 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புஷலுக்கு 5.50 டாலராக இருந்தது. ஒரு புஷல் கோதுமை 27 கிலோவுக்குச் சற்று மேல். 2019-ஆம் ஆண்டு அறுவடைக்குரிய தேசியச் சராசரி விற்பனை விலை 4.58 டாலர். வேறுபாடு 92 சென்ட். நம் எடுத்துக்காட்டு உழவரின் பண்ணைக்கு 700 ஏக்கர் கோதுமை அடிப்படையும், ஏக்கருக்கு 60 புஷல் பதிவு விளைச்சலும் இருப்பதாகக் கொள்வோம். 92 சென்டை 60-ஆல் பெருக்கினால் 55.20 டாலர். சட்டம் அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்கே பணம் தருவதால் அது 46.92 டாலராகிறது. 700 ஏக்கருக்கு 32,844 டாலர். அந்த வயலில் அவ்வாண்டு கொண்டைக்கடலை இருந்ததா, கோதுமை இருந்ததா, தரிசாகக் கிடந்ததா என்ற வினா இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவு விளைச்சல்கூடப் பழைய ஆண்டுகளின் சராசரிதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒப்பிடப்படும் விலை நாடு முழுவதற்குமான சராசரி. எல்லா வகைக் கோதுமைக்கும் சேர்த்து ஒரே விலை. பலூஸ் குன்றுகளில் பெரும்பாலும் விளைவது மென்மையான வெள்ளைக் கோதுமை; அது ஸ்நேக் ஆற்றிலும் கொலம்பியா ஆற்றிலும் படகேறி போர்ட்லண்ட் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பான், பிலிப்பைன்ஸ், தென்கொரியா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. கான்சாஸ் சமவெளியின் சிவப்புக் கோதுமை விலை வீழ்ந்து, போர்ட்லண்டில் வெள்ளைக் கோதுமை நல்ல விலைக்குப் போனாலும் விட்மன் உழவருக்கு மானியம் வரும். நேர்மாறாகவும் நடக்கலாம்: தாம் விற்ற விலை அடிமாட்டு விலையாக இருந்தும், தேசியச் சராசரி குறிப்பு விலைக்கு ஒரு சென்ட் மேலே நின்றுவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

பணம் வருவதற்கு ஆகும் காலமும் நீண்டது. கோதுமையின் சந்தை ஆண்டு ஜூன் முதல் மே வரை. 2019 ஆகஸ்டில் அறுத்த கோதுமையின் சராசரி விலை 2020 மே முடிந்தபின்தான் உறுதியாகும். பணம் அந்த அக்டோபரில்தான் வரும். அதற்குள் அடுத்த அறுவடையும் முடிந்து, அதற்கடுத்த விதைப்பும் தொடங்கியிருக்கும்.

‘ஆர்க்’ திட்டம் விலையை மட்டும் பாராமல், விலையையும் விளைச்சலையும் பெருக்கி வரும் வருவாயைப் பார்க்கிறது. ஆனால் பெரும்பாலோர் எடுக்கும் வடிவில், உழவரின் சொந்த விளைச்சலை அன்று. கவுண்டி முழுவதற்குமான சராசரி விளைச்சலை. ஐந்தாண்டு விலைகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுக்கிறார்கள், விளைச்சலுக்கும் அவ்வாறே. இரண்டையும் பெருக்கினால் அளவுகோல் வருவாய். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுண்டியின் நடப்பாண்டு வருவாய் இதில் 86 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறுபாடு தரப்பட்டது. ஆனால் அது அளவுகோலின் 10 விழுக்காட்டை மீறக் கூடாது என்றிருந்தது. ஆக, ஒருவருடைய வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்து பயிர் பாழானால் ஆர்க் ஒரு காசும் தராது. கவுண்டி முழுவதும் காய்ந்து, அவருடைய பள்ளத்தாக்கு மட்டும் செழித்திருந்தால் அவருக்கும் பணம் உண்டு.

2021-ஆம் ஆண்டு இந்த இரு திட்டங்களையும் ஒரே சமயத்தில் உரைத்துப் பார்த்தது. வறட்சியில் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த வடமேற்குப் பகுதியை ஜூன் இறுதியில் வரலாறு காணாத வெப்ப அலை தாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் கோதுமை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே நேரத்தில் தேசியச் சராசரி விலை 7.63 டாலருக்கு ஏறியது. விலை குறிப்பு விலைக்கு மேலே இருந்ததால் பி.எல்.சி. ஒன்றும் தரவில்லை. ஆர்க் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கவுண்டியின் இயல்பு விளைச்சல் 70 புஷல், அளவுகோல் விலை 5.50 டாலர் என்றால் அளவுகோல் வருவாய் 385 டாலர். அதில் 86 விழுக்காடு 331.10 டாலர். விளைச்சல் 40 புஷலாகச் சரிந்து, விலை 7.63 ஆனால் நடப்பு வருவாய் 305.20 டாலர். குறை 25.90 டாலர், அதில் 85 விழுக்காடு மட்டுமே தரப்படுவதால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22 டாலர். விளைச்சலில் 30 புஷல் போனதற்கு இது சோளப்பொரி. அந்த ஆண்டில் பலூஸ் உழவர்களுக்கு உண்மையில் கைகொடுத்தது பயிர்க் காப்பீடு.

காப்பீட்டைப் பலர் மானியமாக எண்ணுவதில்லை. உழவர் பிரீமியம் கட்டித்தானே பெறுகிறார் என்பார்கள். ஆனால் பிரீமியத்தில் நாடு தழுவிய சராசரியாக ஏறத்தாழ 62 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசே கட்டுகிறது. விற்பவை தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். அவற்றின் நிர்வாகச் செலவுக்கும் அரசு தொகை தருகிறது. விதிகளை வகுப்பது வேளாண் துறையின் இடர் மேலாண்மை முகமை. இந்த அமைப்பின் வேர் 1938-இல் தோன்றிய கூட்டாட்சிப் பயிர்க் காப்பீட்டுக் கழகத்தில் இருக்கிறது. இங்கேதான் முதன்முறையாக, உழவர் இவ்வாண்டு உண்மையில் எதை விதைத்தார், அவருடைய சொந்த விளைச்சல் எவ்வளவு என்பவை கணக்கில் வருகின்றன. அவருடைய பல ஆண்டு விளைச்சல் பதிவில் 50 முதல் 85 விழுக்காடு வரை ஏதேனும் ஒரு மட்டத்துக்குக் காப்பு எடுத்துக்கொள்ளலாம். வருவாய்க் காப்பு எடுத்தவருக்கு, அறுவடைக் காலத்தில் விலை ஏறியிருந்தால் அந்த ஏறிய விலையிலேயே இழப்பு மதிப்பிடப்படும். அடிப்படை ஏக்கர் நிலத்தின் கடந்த காலத்துக்குப் பணம் தருகிறது; காப்பீடு நிகழ்காலத்துக்குத் தருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் இந்த விவகாரத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திக்காமலே கடந்துபோகின்றன.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை, நாடாளுமன்றமோ அமைச்சகமோ நெருக்கடி வந்தபோது அவ்வப்போது அறிவிக்கும் தொகை. 2018-இல் சீனாவோடு வர்த்தகப் போர் மூண்டு, சீனா அமெரிக்க விளைபொருள்களுக்குப் பதில் வரி விதித்தபோது, உழவருக்கு இழப்பீடாக ஒரு திட்டம் வந்தது. முதலாண்டில் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், கோதுமைக்கு 14 சென்ட், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். மக்காச்சோள உழவர்களின் எரிச்சலைக் கற்பனை செய்துகொள்ளலாம். இரண்டாம் ஆண்டில் பயிர்வாரிக் கணக்கைக் கைவிட்டு, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று 15 முதல் 150 டாலர் வரை ஒரே வீதம் நிர்ணயித்தார்கள். கவுண்டி எல்லையாக ஓடும் சாலையின் இருபுறமும் ஒரே பயிரை விதைத்த இருவர் வெவ்வேறு தொகை பெற நேர்ந்தது இதனால்தான்.

பலூஸ் பகுதிக்கு இந்தக் கதையில் இந்தியாவும் ஒரு பாத்திரம். உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக வாங்கும் நாடு இந்தியா. 2017 இறுதியில் உள்நாட்டு உழவரைக் காக்கக் கொண்டைக்கடலைக்கும் லென்டிலுக்கும் 30 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தது. கொண்டைக்கடலைக்கு அது பின்னர் மேலும் உயர்ந்தது. 2019 ஜூனில், அமெரிக்கா எஃகுக்கு விதித்த இறக்குமதி வரிக்கு எதிர்வினையாக, அமெரிக்காவிலிருந்து வரும் கொண்டைக்கடலை, லென்டில், பாதாம், ஆப்பிள் முதலியவற்றின் மீது கூடுதல் வரியும் சேர்ந்தது. கூடுதல் வரி 2023-இல்தான் நீங்கியது. நம் வீட்டுச் சுண்டலின் விலையைப் பற்றித் தில்லியில் எடுக்கும் முடிவு, விட்மன் கவுண்டியின் களஞ்சியங்களில் மூட்டையை அடுக்கிவைக்கிறது. கொண்டைக்கடலை, லென்டில், பட்டாணி ஆகியவை மானியத்துக்குரிய பயிர்ப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பலூஸில் அடிப்படை ஏக்கர் பெரும்பாலும் கோதுமையின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆப்பிளுக்குப் புகழ்பெற்றது. ஆப்பிளோ அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

பயிரே செய்யாமலிருப்பதற்கும் பணம் உண்டு. 1985-இல் தொடங்கிய நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில், மண்ணரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்லோ மரமோ வளர்த்துச் சும்மா விட்டுவைக்க ஒப்பந்தம் செய்தவருக்கு அரசு ஆண்டு வாடகை தருகிறது. செங்குத்தான பலூஸ் சரிவுகளில் உழவு மண்ணை எப்படிக் கரைக்கிறது என்பதைப் பார்த்தவருக்கு இதன் தேவை புரியும். அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனையும் வைத்தது: அரிப்புக்கு எளிதில் உள்ளாகும் நிலத்தை உரிய பாதுகாப்பு இல்லாமல் உழுபவரும், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடுபவரும் மற்ற மானியங்களையும் இழப்பார்கள்.

பணம் யார் கையில் சேர்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. அமெரிக்கப் பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு குத்தகைக்கு விடப்பட்டது. ரொக்கக் குத்தகையாக இருந்தால், சட்டப்படி மானியம் பயிரிடுபவருக்கே. வாரத்துக்கு விட்டிருந்தால், விளைச்சலைப் பங்கிடும் அதே விகிதத்தில் மானியமும் பங்காகும். பலூஸ் பகுதியில் வார முறை பழமையானது; நிலக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே வழங்கும் கணக்குகளுள் ஒன்று. ஆகவே பாட்டன் விட்டுச்சென்ற நிலத்தின் பங்குக்காகச் சியாட்டிலில் அலுவலக வேலை பார்க்கும் பேத்திக்கும் காசோலை போகலாம். ரொக்கக் குத்தகையிலும் சட்டத்தின் எழுத்து முழுக் கதையைச் சொல்வதில்லை. நிலத்துக்கு நிலையான மானியம் உண்டு என்று தெரிந்தால், அடுத்த முறை குத்தகை புதுப்பிக்கும்போது நிலக்காரர் ஏக்கருக்குப் பத்து டாலர் கூட்டிக் கேட்பார். ஆள் போட்டி இருந்தால் கொடுத்தும் ஆக வேண்டும். நிலத்தை விலைக்கு வாங்குபவரும் வரப்போகும் மானியத்தைச் சேர்த்தே விலை கொடுக்கிறார். உழவருக்கு என்று சொல்லி அனுப்பும் பணம் இவ்வாறு மெல்ல நிலத்தின் விலைக்குள் ஊறிவிடுகிறது. மானியம் நிலத்தின் வரலாற்றோடு ஒட்டியிருப்பதன் நேரடி விளைவு இது என்றே கருதுகிறேன்.

இதன் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பது 2006-இல் தெரிந்தது. டெக்சாஸில் ஒருகாலத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி, அவற்றில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் பழைய நெல் அடிப்படையின் பேரில் மானியம் போய்க்கொண்டிருந்ததை ஒரு நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பாகிவிட்ட நிலத்தின் அடிப்படையை நீக்கவும், பத்து ஏக்கருக்கு மேல் அடிப்படை இல்லாத பெரும்பாலான சிறு பண்ணைகளுக்குப் பணத்தை நிறுத்தவும் வழிசெய்தது.

உச்சவரம்பும் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி பி.எல்.சி., ஆர்க் தொகை ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. சராசரி ஆண்டு வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டியவருக்குத் தகுதி இல்லை. ஆனால் வரம்பு பண்ணைக்கு அன்று, ஆளுக்கு. கணவன், மனைவி, மகன் ஆகியோர் கூட்டாளிகளாகப் பண்ணை நடத்தினால் மூன்று வரம்பு. ‘வேளாண்மையில் முனைந்து ஈடுபட்டிருக்க வேண்டும்’ என்று சட்டம் சொல்கிறது. குடும்பப் பண்ணைகளில் அந்த ஈடுபாட்டைக் காட்டுவது எளிது. 2018-இல் குடும்பம் என்ற சொல்லின் பொருளும் ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் வரை விரிந்தது. காப்பீட்டுப் பிரீமிய மானியத்துக்கோ இத்தகைய உச்சவரம்பு கிடையாது.

தொகைகள் பொதுப் பதிவு என்பதால், ஒரு கவுண்டியில் எவர் எவ்வளவு பெற்றார் என்று யாரும் பார்க்கலாம். சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பு 1995-ஆம் ஆண்டு தொடங்கி அந்தத் தரவுகளைக் கவுண்டிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. சிற்றூர்களில் அண்டை வீட்டாரின் பெயரை அதில் தேடுவது ஒரு பொழுதுபோக்கு என்று கேட்டிருக்கிறேன். மனித இயல்பு எங்கும் ஒன்றுதான். ஆனால் அப்பட்டியலைப் படிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். முகப்பில் தெரியும் பெருந்தொகை இருபது, முப்பது ஆண்டுகளின் கூட்டுத்தொகையாக இருக்கும். அதை ஆண்டுகளால் வகுக்க வேண்டும். தொகை ஏக்கரைப் பொறுத்தது என்பதால் பெரிய பண்ணை பட்டியலின் உச்சியில் இருப்பது இயல்பு. அதையும் ஏக்கரால் வகுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே குடும்பம் இரண்டு மூன்று பெயர்களில் சிதறியிருக்கலாம். கூட்டாண்மைப் பெயருக்குப் பின்னால் பலர் இருக்கலாம். காப்பீட்டில் யார் எவ்வளவு பெற்றார் என்பதைச் சட்டம் மறைத்துவைத்திருப்பதால், பெயர்ப் பட்டியலில் அது தென்படாது. ஆண்டையும் பார்க்க வேண்டும்: கோதுமைக்குக் குறிப்பு விலைக்குக் கீழே சராசரி விலை நின்ற 2018, 2019, 2020 ஆகிய அறுவடைகளுக்குப் பி.எல்.சி. பணம் வந்தது, விலை ஏறிய அடுத்த மூன்று அறுவடைகளுக்கு ஒன்றும் வரவில்லை. 2020-இல் கொரோனா உதவியும் சேர்ந்து நாடு முழுவதும் உழவருக்குச் சென்ற நேரடித் தொகை ஏறத்தாழ 4,600 கோடி டாலர். நாட்டின் நிகரப் பண்ணை வருமானத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. அந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு எந்தக் கவுண்டியையும் எடைபோட முடியாது.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெருஞ்சட்டம் இந்தக் கணக்குகளின் எண்களை மாற்றியிருக்கிறது. கோதுமையின் குறிப்பு விலை 6.35 டாலர், மக்காச்சோளம் 4.10, சோயா 10 டாலர். ஆர்க் உத்தரவாதம் 90 விழுக்காடாகவும், அதன் மேல்வரம்பு 12 விழுக்காடாகவும் உயர்ந்தன. தனிநபர் உச்சவரம்பு 1,55,000 டாலராகி, இனி விலைவாசியோடு ஏறும். இவற்றையெல்லாம்விட நம் கட்டுரையின் கருத்துக்கு நெருக்கமானது இன்னொன்று: 2019 முதல் 2023 வரையிலான விதைப்பைப் பார்த்து, நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்கப்படலாம். அடிப்படை ஏக்கரைவிட மிகுதியான பரப்பில் விதைத்துவந்த பண்ணைகளுக்கே இந்த வாய்ப்பு. ஆகவே நாம் தொடக்கத்தில் பார்த்த உழவர் 2019-இல் விதைத்த கொண்டைக்கடலை, அன்று பி.எல்.சி., ஆர்க் கணக்கில் அவருக்கு எதையும் பெற்றுத் தராவிட்டாலும், இப்போது பழைய அடங்கலில் ஒரு வரியாக ஏறக்கூடும். 2025 கோடையில் அறுத்த கோதுமைக்கான புதிய வீதத் தொகை, வழக்கம்போல, 2026 அக்டோபருக்கு முன்னால் வராது.